பொருளைத் தொடாதீர்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகக் கைகால் முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு போட்டுவந்தார் அவர். டாக்டரில் தொடங்கி கேன்டீன்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மாவுக்கட்டுக்காரர்தான். மாடிப்படியில் உருண்டவர்கள், பைக்கிலிருந்து பறந்தவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அவர் கைக்குள் வந்து, அலறி, கட்டுப் போட்டுக்கொண்டு போனவர்கள். வலிக்குமா என்று கேட்பார்கள், எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்பார்கள். கட்டின் பொருள் என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அதைக் கேட்ட முதல் ஆள் மேதை.

மேதை என்றால் சாதாரண மேதை இல்லை. செதுக்கினால் சிற்பி, கிறுக்கினால் ஓவியர், சும்மா நின்றால் நிகழ்த்துக் கலைஞர். ஒரு வருடம் முழுக்கத் தான் குளித்த தண்ணீரைக் கண்ணாடி ஜாடிகளில் பிடித்து வரிசையாக வைத்தார். பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே பாராட்டினார்கள். இன்னொரு தடவை, கலைக்கூடத்தின் தரையில் நாக்கால் ஒரு கோடு போட்டார். கோடு காய்ந்து மறைந்த பிறகும் அந்த இடத்தை ஆறு மாதம் யாரும் பெருக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறைக்குள் வந்து நின்றார். கட்டின் பொருள் என்ன என்று கேட்டார். கட்டுப் போடவும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பெரிய இடத்துச் சிபாரிசு இருந்ததால் மாவுக்கட்டுக்காரரும் மறுபேச்சு பேசாமல் தன் முழங்கையிலேயே போட்டுக் காட்டினார்.

"முதல்ல பஞ்சு சுத்தணும் சார். அதுக்கு மேலதான் மாவுத் துணி. ரொம்ப இழுத்துச் சுத்தக் கூடாது. உள்ள கை வீங்குறதுக்கு இடம் வேணும்."

மேதை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திறந்தார்.

"பஞ்சு வேண்டாம்," என்றார். "பஞ்சுங்கறது சமரசம்."

"சமரசம் இல்ல சார், ரத்த ஓட்டம்."

மேதை அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். விஷயம் தெரியாதவர்களுக்கென்று மேதைகள் ஒரு சிரிப்பு வைத்திருப்பார்கள். அரைமணி நேரத்தில் பாடம் முடிந்தது. கிளம்பும்போது, "எனக்கு ஒரு கை வேணும். உழைச்ச கை. கதை சொல்ற விரல்," என்றார்.

மாவுக்கட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பெருமை யாரை விட்டது? "என் தங்கச்சி கையைப் பாக்கணும் சார் நீங்க!" என்றுவிட்டார்.

அவருடைய தங்கை, வீட்டில் எல்லாருக்கும் பாப்பா, முப்பத்தாறு வயது. சட்டை தைக்கும் கடையில் காஜா எடுப்பவள். இயந்திரக் காஜா பிடிக்காத ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய சட்டைக்குப் பொத்தான் ஓட்டைகளைக் கையாலேயே தைத்து முடிப்பாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியோடு ஓடுகிற ஓட்டத்தைக் கடை முதலாளியே நின்று வேடிக்கை பார்ப்பார். புருஷன் போன பிறகு அவளும் அவள் மகளும் சாப்பிட்டது, உடுத்தியது, மகள் படித்தது எல்லாமே அந்த இரண்டு விரலில்தான். மேதைக்கு அந்தக் கைதான் வேண்டுமாம், ரெண்டு மணி நேரத்துக்கு.

"ரெண்டு மணி நேரம் சும்மா உக்காரணும், அவ்வளவுதானேண்ணா?" என்று கேட்டாள் பாப்பா. "பொறந்ததுலேர்ந்து சும்மா உக்காந்ததே இல்ல. அது எப்படித்தான் இருக்கும்னு உக்காந்து பாத்துட்டு வரேன்."

காலை ஒன்பது மணிக்கு நிகழ்வு. மாவுக்கட்டுக்காரர் டூட்டியில் இருவருக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அரைநாள் விடுப்பு சொல்லி, கலைக்கூடம் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. தங்கையின் கையிலிருந்து கட்டைத் தானே வெட்டி எடுக்க வேண்டும் என்று பெரிய கத்தரியையும் சின்ன ரம்பத்தையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மேதையின் கத்தரியை அவர் நம்பவில்லை.

வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"சார்! நீங்களா? என் முட்டிக்கு நீங்கதானே கட்டு போட்டீங்க! இப்பப் பாருங்க, ஜம்முனு நடக்கறேன்." நடந்தும் காட்டினார். பிறகு பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, பைக்கு அடையாளமாக ஒரு வில்லையைக் கொடுத்தார். "கூர்மையான பொருள் உள்ள போகக் கூடாது சார். ரூல்ஸு."

உள்ளே பெரிய வெள்ளைக் கூடம். பிணவறைக்குப் போடுகிற அளவுக்கு ஏசி. சுவரில் ஒரே ஒரு பலகை: பொருளைத் தொடாதீர்கள். நடுவில் ஒரு இரும்பு முக்காலி, அதன்மேல் பாப்பா. அவளுடைய வலது கை பக்கவாட்டில் நீட்டியபடி, தோளிலிருந்து விரல் கணு வரைக்கும் மாவுக்கட்டு. கட்டை அப்படியே ஒரு இரும்புக் கம்பத்தோடு சேர்த்துச் சுற்றிப் பூசியிருந்தார்கள்; கம்பத்தைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். எழுந்து ஓடலாம் என்றால் கையை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். மேதை அந்தக் கட்டின்மேல் கரித்துண்டால் நீளநீளமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் அறுபது எழுபது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

நுழைவில் கொடுத்த தாளை மாவுக்கட்டுக்காரர் இப்போதுதான் படித்தார். 'நீட்டிய கை. சிற்பம், ஓவியம், நிகழ்த்துக் கலை. மாலை ஆறு மணி வரை. கலைஞர் அதுவரை மௌனம் காப்பார்.' ரெண்டு மணி நேரம் என்று சொன்ன வாயும் அதே வாய்தான், அது இப்போது மௌனம் காக்கிறது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, "பாப்பா," என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, வந்துட்டியா?" அவள் உதடு காய்ந்திருந்தது. "முதல்ல சுட்டுச்சுண்ணா. அப்புறம் ஊசி ஊசியா குத்துச்சு. வலி உயிர் போச்சு. கத்துனேன். கத்தறது நல்லா இருக்கு, இன்னும் கத்துன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. இப்ப விரலு இருக்கா இல்லையான்னே தெரியல."

கயிற்றைத் தாண்டிப் போய் அவளுடைய விரல் நகத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பார்த்தார். ரத்தம் திரும்பி வர வேண்டும். வரவில்லை. ஐந்து விரலும் ஊதி, நகத்தடியில் நீலம் பாரித்துக் கிடந்தன. பஞ்சில்லாமல் இழுத்துக் கட்டிய கட்டு, உள்ளே வீங்கிய கை, நெரிபடும் நரம்பு. இப்படி வந்த கைகளை அவர் பார்த்திருக்கிறார். சீக்கிரம் வெட்டினால் பிழைக்கும். தாமதமானால் விரல் மடங்கிச் சூம்பிப் போய்விடும். அப்புறம் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது, ஊசியை எங்கே பிடிப்பது?

"தொடாதீங்க சார், தொடாதீங்க!" என்று ஒரு பணியாள் ஓடிவந்து அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார்.

"இது என் தங்கச்சிங்க! விரல் நீலமாயிடுச்சு, பாருங்க!"

"நாங்க பாக்காமயா இருக்கோம்?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கழுத்தில் பட்டுத் துண்டு சுற்றிய விமர்சகர். நாளிதழில் முப்பது வருடமாகக் கலைப் பக்கம் எழுதுகிறவர். "காலையிலேர்ந்து அந்த நீலத்தைத்தான் பாத்துட்டிருக்கேன். பத்து மணிக்கு வெளுப்பு. பத்தரைக்குச் சாம்பல். இப்ப நீலம். இந்த நீலத்தை எந்தக் கடையில வாங்க முடியும் சொல்லுங்க? உடம்பே வண்ணம் தயாரிக்குது! எனக்குப் புல்லரிக்குது."

மேதைக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். குனிந்து பாப்பாவின் விரல்களை உற்றுப் பார்த்தார். மாவுக்கட்டுக்காரருக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. மேதை தன் பெட்டியைத் திறந்து நாலைந்து நீலச் சாக்பீஸ்களை எடுத்து, ஒவ்வொன்றாக அவளுடைய கட்டைவிரல் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டின்மேல் தேய்க்க ஆரம்பித்தார். கூட்டம் "ஆஹா" என்றது.

அருவருப்பு என்றால் என்ன என்று மாவுக்கட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சீழ் பிடித்த காலை முகம் சுளிக்காமல் கழுவியவர் அவர்.

கலைக்கூடத்து இயக்குநர் அம்மாவின் அறைக்கு ஓடினார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பெரிய இடத்து மரியாதையில் குறை சொல்ல முடியாது.

"அம்மா, என் தங்கச்சியை உடனே வெளிய எடுக்கணும். ஒரு மணி நேரம் போனா கை போயிடும்."

"தங்கச்சியா?" அம்மா புருவத்தை உயர்த்தி, பக்கத்து மேஜையில் இருந்த பதிவேட்டு எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தடிமனான நோட்டை விரித்து, விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தி வாசித்தார்.

"படைப்பு: நீட்டிய கை. பொருள்: சுண்ணாம்பு மாவு, துணி, இரும்பு, கரி, பெண் ஒன்று. தங்கச்சின்னு ஒண்ணும் இல்லையேம்மா."

"அந்தப் பெண் ஒன்றுதான்யா என் தங்கச்சி!"

"அப்ப அவங்க பொருள்ங்கற கட்டத்துல வராங்க," என்றார் எழுத்தர், சிக்கல் தீர்ந்த நிம்மதியோடு. "பொருளை எடுக்கணும்னா பொருள் நீக்கப் படிவம் இருக்கு. நாலு பிரதி. படைப்புக்குப் பொருள் இல்லைன்னு ரெண்டு நிபுணர் கையெழுத்துப் போடணும்."

மாவுக்கட்டுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பொருள் இருக்கறதாலதானே எடுக்கச் சொல்றேன்? இல்லைன்னு ஏன் எழுதணும்?"

விஷயம் இதுதான். உடைந்த நாற்காலி, கால் ஆடும் மேஜை இவற்றைக் கழித்துக்கட்ட எந்தக் காலத்திலோ அச்சடித்த படிவம் அது. 'பொருள் இல்லை எனச் சான்றளிக்கிறேன்' என்று கீழே ஒரு வரி இருந்தது. நாற்காலி இப்போது இடத்தில் இல்லை என்று அர்த்தம். புதிய நிர்வாகம் வந்ததும், கலைக்கூடத்தில் பொருள் என்று எதைச் சொல்வது என ஒரு கேள்வி கிளம்பியது. இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. கலையில் பொருள் என்றால் அர்த்தம் மட்டுமே, நாற்காலி அல்ல என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுக் குழுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு உடைந்த நாற்காலிகூட வெளியே போகவில்லை. எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருந்தது.

"நீங்களே ஒரு கையெழுத்தைப் போடுங்கம்மா!" என்று கெஞ்சினார் மாவுக்கட்டுக்காரர்.

"நானா?" அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயா, உங்க வேதனை எனக்குப் புரியுது. நான் ஒரு பெண். அந்தக் கையில இருக்கறது எல்லாப் பெண்களோட வேதனை. அதனாலதான் அதைக் காப்பாத்தறது என் கடமை. கையை இல்ல, வேதனையைச் சொல்றேன். நாளைக்கு அமைச்சகத்துலேர்ந்து ஆட்கள் வராங்க. பொருள் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டா, அப்ப இதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேப்பாங்க இல்லையா? விமர்சகர் முதல்ல போடட்டும். அடுத்த நிமிஷம் நான் போடறேன்."

அப்புறம் கனிவாக, "விரல் வீங்கறது எங்களுக்கும் கவலைதான். ரொம்ப வீங்கினா ஓரத்துல பூச்சு விரிசல் விட்டுடும்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாலு பிரதியையும் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். விமர்சகர் படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை. நெருப்பைக் கண்டவர்போலப் பின்வாங்கினார்.

"என்னங்க விளையாடறீங்களா? அவர் குளிச்ச தண்ணிக்கே நாப்பது பக்கம் பொருள் எழுதினவன் நான். சத்தியமாச் சொல்றேன், எழுதும்போது ஒண்ணும் புரியல. இன்னிக்கு இதுக்குப் பொருள் இல்லைன்னா, அப்ப அதுக்கு மட்டும் இருந்துச்சான்னு கேப்பாங்க. தண்ணியில ஆரம்பிச்சு எல்லாம் போயிடும்! எனக்கும் புள்ளைக்குட்டி இருக்குங்க."

"அவளுக்கும் இருக்குங்க. ஒரே பொண்ணு."

"பாத்தீங்களா," என்று விமர்சகர் கண் கலங்கினார். "இன்னும் ஆழமாப் போகுது."

"அம்மா போட்டா நீங்க போடுவீங்களா?"

"அம்மா முதல்ல போட்டா யோசிக்கலாம்."

அங்கிருந்து அம்மாவிடம், அம்மாவிடமிருந்து விமர்சகரிடம் என்று மூன்று தடவை நடந்தார் அந்த மனிதர். மணி பன்னிரண்டே முக்கால். மூன்றாவது தடவை கூடத்தைக் கடக்கும்போது பாப்பாவைப் பார்த்தார். அவள் அழவில்லை. விரல்களை அசைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி நரம்பு புடைத்தது, விரல் அசையவில்லை. அந்த விரல்களுக்கு முன்னால் ஒரு ஜோடி முதுகைத் திருப்பி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

மாவுக்கட்டுக்காரர் நாலு பிரதியையும் கசக்கி எறிந்தார். படியிறங்கி வாசலுக்கு ஓடினார்.

"பையைக் குடு."

"வில்லையைக் குடுங்க சார், தரேன். ஆனா உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, ரூல்ஸ்..." காவலாளி அவர் முகத்தைப் பார்த்தார். பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "கொஞ்ச நேரமா முட்டி வலி சார். அந்தப் பக்கம் திரும்பி நின்னாத்தான் குறையுது," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கத்தரியோடு கயிற்றைத் தாண்டியபோது பணியாள் குறுக்கே விழுந்தார். "பொருளைத் தொடாதீங்க சார்!"

"தள்ளுய்யா! பொருளை எவன் தொட்டான்? என் தங்கச்சியைத் தொடறேன்!"

முழங்கைப் பக்கம் ரம்பத்தை வைத்து இழுத்தார். மாவு பறந்தது. கத்தரியை உள்ளே விட்டு, தோல் படாமல், இருபத்திரண்டு வருடம் பழகிய கை தன் வேலையைச் செய்தது. மேதையின் கண்கள் விரிந்தன. காலையிலிருந்து ஒரு சொல் பேசாதவர், ஒரு பெண் கதறியபோதும் வாய் திறக்காதவர், இப்போது திறந்தார்.

"மெதுவா! கோட்டு மேல வெட்டாத, கோடு கெட்டுப்போயிடும்!"

கூடமே அதிர்ந்தது. மேதை பேசிவிட்டார்! மௌனம் உடைந்துவிட்டது! அறுபது கைபேசியும் ஒரே நேரத்தில் மேதையின் பக்கம் திரும்பின. விமர்சகர் "கோடு... கோடு..." என்று முணுமுணுத்துக்கொண்டே குறிப்பெடுத்தார். இயக்குநர் அம்மா மாடியிலிருந்து ஓடிவந்து கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். கட்டு இரண்டாகப் பிளந்ததை ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை.

"கோடாம் கோடு! நீ மனுஷன்தானாடா? த்தூ!" என்று மாவுக்கட்டுக்காரர் மேதையின் காலடியில் காறித் துப்பினார். அதுவரை யாருடைய முகத்துக்கு நேராகவும் குரல் உயர்த்தாத ஆள். பணியாள் துணியோடு ஓடிவந்து, குனிந்து, தயங்கி, இயக்குநர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "இதைத் துடைக்கணுமா, வெச்சிருக்கணுமாம்மா?" அம்மா யோசித்தார். "இப்போதைக்குச் சுத்திக் கயிறு கட்டு," என்றார்.

கட்டுக்குள்ளிருந்து வந்த கை கையாக இல்லை. துணி மடிப்பெல்லாம் சதையில் பள்ளம் பள்ளமாகப் பதிந்து, கொப்புளம் கட்டி, அங்கங்கே கரு ஊதாவாக இருந்தது. மாவுக்கட்டுக்காரர் அந்தக் கையைத் தன் சட்டைமேல் தாங்கிப் பிடித்தார். ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியதும் பாப்பா வீறிட்டாள்.

"வருதுண்ணா. சுண்டு விரல்ல உயிர் வருது. மோதிர விரல்ல வருது. நடு விரல்ல லேசா."

"மத்தது?"

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்தாள்.

"வந்துடும்," என்றார். "வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். டாக்டர் இருப்பாரு. என் வாயாலதாண்டி உன்னைக் கொண்டுவந்து இங்க உக்கார வெச்சேன். என் வாயில மண்ணைப் போட."

"சும்மா இருண்ணா. நடக்கலாம் வா."

பின்னால், கையுறை போட்ட பணியாட்களின் கைகள் பிளந்த கட்டின் இரண்டு பாதியையும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, பஞ்சு பரப்பிய பெட்டியில் படுக்கவைத்தன. அண்ணனும் தங்கையும் வாசலுக்கு வந்தபோது பதிவேட்டு எழுத்தர் மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றார். கையில் நோட்டும் மைப்பெட்டியும்.

"ஒரு நிமிஷம். உள்ள வந்த பொருள் சீட்டு இல்லாம வெளிய போகக் கூடாது. இங்க ஒரு கையெழுத்து."

"போய்யா அந்தப் பக்கம்! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"போங்க சார், யார் வேண்டாம்னா? கையெழுத்து இல்லாம கேட்டு திறக்காது. எனக்கும் வேலை போயிடும்."

"இடது கையில போடறேன், குடுங்க," என்றாள் பாப்பா.

எழுத்தர் நோட்டைப் பார்த்தார். "பதிவுல வலது கைன்னு இருக்கும்மா. அந்தக் கைதான் செல்லும். எழுத முடியலைன்னா பரவாயில்ல, கட்டைவிரல் ரேகை போதும்."

மாவுக்கட்டுக்காரர் எழுத்தரின் சட்டையைப் பிடிக்கப் போனார். பாப்பா தோளால் அவரைத் தடுத்தாள். "வாதாடிட்டு நின்னா இன்னும் நேரமாகும்ணா. வெச்சுட்டுப் போயிடலாம்." கையை நீட்டினாள்.

எழுத்தர் நல்ல மனிதர், பொறுமையானவர். அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். நோட்டில் வைத்து, நகம் வெளுக்கும்படி நன்றாக அழுத்தினார். எடுத்தார். ரேகை ஒரு வரி பிசகாமல் விழுந்திருந்தது. பாப்பா கேட்டுக்கு வெளியே தெருவில் ஆட்டோ ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வைங்க சார்," என்றாள்.

எழுத்தர் ரேகையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.